ஆறாவது ஒலி

பிப்ரவரி 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னாரே டாக்டர், படியைக் குறைத்தாயா, இல்லை டாக்டரிடம் போவதைக் குறைத்துவிட்டாயா? வாலுவும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே எனக்கு மாத்திரையின் தயவில் பிரஷர் அடங்கியிருக்கிறது. கண்ணாடி மாற்றினேன். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று. தோள்பட்டை வலி குளிருக்கு வருகிறது, வெயிலுக்குப் போகிறது. உன் அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை, வயதாக ஆக வாய்தான் கூடிப்போய்விட்டது.

இனிமேல் எனக்குப் போன் செய்யாதே. கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேள். மையம் ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. நவம்பரில் சொந்தக் கட்டடத்துக்குப் போகிறோம். அன்றைக்கு ஒரு மலர் வெளியிட வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. முதல் வருஷங்களைப் பற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அந்த நாட்களில் கூட இருந்தவள் நீ ஒருத்திதான். போனில் பேசினால் எல்லாம் காற்றோடு போய்விடும். ஞாபகம் வருவதைக் கடிதமாக எழுது, நான் எடுத்துக் கோத்துக்கொள்கிறேன்.

நம் வீட்டு முன்னறையில் உன் மகள் வாலுவையும் அவளைப் போலவே காது கேளாத இன்னும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். இப்போது நான்கு ஊர்களில் கிளை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு அங்கேயே காது டெஸ்ட் செய்ய நம் ஆட்கள் போகிறார்கள். புதுக் கட்டடத்தில் வெளிச்சத்தம் புகாத அறை இரண்டு கட்டியிருக்கிறோம். மாடியில் எனக்கென்று ‘நிறுவனர் அறை’ ஒன்றும் உண்டு. சோபா போட்டு, சுவரில் என் போட்டோவை மாட்டப்போகிறார்களாம். என் போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்து நான் என்ன செய்வது? சின்னக் குழந்தைகளின் காலை வகுப்பில்தான் இருப்பேன், மாடிக்கு வர மாட்டேன் என்று சொன்னேன். கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் எழுது.

உன் அண்ணி


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள், அண்ணன், மையத்துப் பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். என் முழங்காலை விசாரித்தீர்கள். அது என்னை விட்டுப் போவதாக இல்லை, நானும் அதோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். வாலுவுக்கு வேலை அதிகம். பல் கட்டுகிற டாக்டர்களுக்குப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளைத் தலைமை இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். “சின்ன வயசுல இருந்தே ஊர் வாயைப் பார்த்தே வளர்ந்தேன், இப்ப அதுக்குச் சம்பளமும் குடுக்கறாங்க” என்கிறாள்.

எதை முதலில் எழுதுவது? என் வீட்டுக்காரர் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டில் கிடந்தேன். ஒருநாள் சமையலறையில் உங்கள் கையிலிருந்து பித்தளைத் தவலை விழுந்தது. தெருவில் போனவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் குழந்தை அசையவில்லை. நான் அவளுக்குத் தூக்கம் ஆழம் என்று பெருமைப்பட்டேன். நீங்கள் தவலையை எடுத்து, மறுபடி வேண்டுமென்றே கீழே போட்டீர்கள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதீர்கள். பெற்றவள் எனக்கு விஷயம் புரிவதற்கு முன்னால் அழுதது நீங்கள்தான் அண்ணி. மலரில் இதைப் போடுவீர்களோ மாட்டீர்களோ, நான் எழுதிவிட்டேன்.

அப்புறம் முன்னறைச் சுவரில் வீட்டிலிருந்த மெத்தை விரிப்பெல்லாம் ஏறியது. எதிரொலி வரக்கூடாது என்று நீங்கள் ஆணி அடித்தீர்கள். குளிர்காலத்தில் நமக்குப் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை, சுவர் மட்டும் கதகதப்பாக இருந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “சுவருக்குக் காய்ச்சலா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒன்று கேட்க வேண்டும். கடிதம் எழுதச் சொன்னீர்கள், சரி. அதற்கு முன்பிருந்தே நான் போன் செய்தால் அண்ணன்தான் எடுக்கிறார். அண்ணி குளிக்கிறாள் என்கிறார். காலையிலும் குளிக்கிறீர்கள், மத்தியானமும் குளிக்கிறீர்கள். அப்படி என்ன அழுக்கு?

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


மார்ச் 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார். எனக்குத் தோள்பட்டை இப்போது பரவாயில்லை, பிரஷர் அதே நிலையில் நிற்கிறது.

தவலையை எழுதிவிட்டாய். நான் மறந்துபோனேன் என்று நினைத்திருந்தேன்.

உனக்கு டயர் கடை ஞாபகம் இருக்கிறதா? முன்னறை போதாமல், கடைக்கு மேல் மாடியை வாடகைக்கு எடுத்தோமே. கீழே சக்கரத்தைச் சம்மட்டியால் அடிக்கும்போதெல்லாம் மேலே காது டெஸ்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். கடைக்காரர் நல்ல மனிதர். நாம் டெஸ்ட் செய்யப்போகிறோம் என்றால் உன் அண்ணன் ஜன்னலில் சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவார், அதைப் பார்த்து அவர் டீ குடிக்கப் போய்விடுவார். நாளாக நாளாக அவருக்கு டீ அதிகமாகி வயிற்றுப்புண்ணே வந்துவிட்டது. கடிகாரம் கொடுத்த செல்வந்தரையும் எழுத வேண்டும். அந்தச் சுவர்க் கடிகாரம் போட்ட டிக்டிக்கில் எந்த டெஸ்டும் செய்ய முடியாது. கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்து, அவர் வருகிறார் என்று தெரிந்தால் எடுத்து மாட்டுவோம். எப்போதும் தப்பு நேரம் காட்டும். அவர் ஒருநாளும் அதைக் கவனிக்கவில்லை.

காலைச் சோதனையைப் பற்றியும் மலரில் வர வேண்டும். தெரியாதவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன், சரியா சொல். வகுப்பு தொடங்கும் முன் ஒவ்வொரு குழந்தையின் காது மெஷினும் வேலை செய்கிறதா என்று டீச்சர் பார்க்க வேண்டும். குழந்தைக்கு உதடு தெரியாதபடி அதன் பின்னால் நின்றுகொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்லும். எது திரும்பி வரவில்லையோ அது அதன் காதுக்குப் போகவில்லை. ஆறில் கடைசியான ஸ் மிகவும் மெல்லியது. மெஷினில் கோளாறு வந்தால் பெரும்பாலும் முதலில் போவது அதுதான்.

சின்ன வகுப்புக்கு இன்றும் இதை நான்தான் செய்கிறேன். இந்த வருஷம் நாலு வயதில் ஒருத்தி வந்திருக்கிறாள். உருவம் சின்னது, காரம் பெரிது, அதனால் கடுகு என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு காதில்தான் அவளுக்கு மெஷின் பயன்படும். நான் பின்னால் நின்றதும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, ம், ஆரம்பி என்பதுபோல் நிற்பாள்.

உன் அண்ணன் தபாலில் சேர்க்கக் காத்திருக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் நன்றி சொல்லச் சொன்னது. காலைச் சோதனையைப் பற்றி நீங்கள் எழுதியது தெளிவாக இருக்கிறது. என் கேள்விக்குப் பதில் எழுதாததும் தெளிவாகவே இருக்கிறது.

மலரில் உங்களைப் பற்றி நான்தான் எழுத வேண்டும், நீங்களாக எழுத மாட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தீர்கள். இந்த வேலைக்கென்று பட்டம் எதுவும் உங்களிடம் இல்லை. ஆனால் அந்தக் காது இருந்தது. நீங்கள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருப்பீர்கள். வாலு முன்னறையில் என்னோடு உட்கார்ந்து ஏதோ உளறுவாள். “இப்ப அவ ‘ல’ சொல்லிட்டா, கேட்டியா?” என்று அங்கிருந்தே கத்துவீர்கள். பக்கத்தில் இருந்த எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அடுத்த வாரம் பார்த்தால் அது ‘ல’தான். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர்கூட மெஷினை எவ்வளவு ஏற்றுவது என்று சந்தேகம் வந்தால், அந்தப் பாட்டு டீச்சரம்மாவைக் கூப்பிடுங்கள் என்பாராம். அண்ணன் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வாலு முதன்முதலில் ‘அத்தை’ என்றுதான் சொன்னாள், ‘அம்மா’ என்று சொல்லவில்லை. எனக்கு அன்றைக்குப் பொறாமையில் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது.

இந்த மாதக் கடைசியில் வாலுவின் பிறந்தநாள். அன்றைக்கு வீடியோவில் கூப்பிடுவாள். குளிக்கப் போய்விடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


மே 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பிரஷர்கூட நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் சரியில்லை.

பிறந்தநாள் அன்று வாலுவைப் பார்த்தது சந்தோஷம். படம் நின்று நின்று வந்தது, நம் பக்கம் நெட் சரியில்லை, அதனால்தான் பேச்சு அரையும் குறையுமாகப் போனது. அவளிடம் சொல்லிவிடு.

இங்கே ஒரு புது டீச்சர் வந்திருக்கிறாள். நாலு வருஷம் இதையே படித்தவள். கெட்டிக்காரி, மறுக்கவில்லை. கடுகின் அம்மா அவளிடம் போய், கொஞ்ச நாளாகக் குழந்தையின் பேச்சு மழுங்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். இவள் உடனே கடுகைத் தனியே கூட்டிக்கொண்டுபோய்ச் சோதித்திருக்கிறாள். ஷ்ஷும் ஸ்ஸும் குழந்தையிடமிருந்து திரும்பி வரவில்லையாம். மெஷினைத் திறந்து பார்த்தால் உள்ளே ஈரம் கோத்திருந்ததாம். அது பல நாளாக இருக்க வேண்டும் என்று என் எதிரில் வந்து சொல்கிறாள்.

அத்தனை நாளும் காலைச் சோதனை செய்தது நான். ஆறும் சரி என்றுதான் தினமும் சொல்லியிருக்கிறேன். புது முகத்தைப் பார்த்துக் குழந்தை வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்திருக்கும் என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு, “இருக்கலாம் மேடம்” என்று போய்விட்டாள். அந்த ‘இருக்கலாம்’ இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

மெஷினை மாற்றியாயிற்று. கடுகு பழையபடி கத்துகிறாள்.

வாடகை மாடியிலிருந்து ஒவ்வொரு பொருளாகப் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. மலருக்கு உன் கடிதங்களே போதும் என்று நினைக்கிறேன், இனி நீ சிரமப்பட வேண்டாம்.

உன் அண்ணி


மே 29

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிப்பதை இன்று கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

பிறந்தநாள் அன்று நீங்கள் போனை வைத்ததும் வாலு தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, “அம்மா, அத்தை என் கண்ணைப் பார்க்கல, வாயைப் பார்த்தாங்க” என்றாள். வயதானால் அப்படித்தான் பார்ப்பார்கள் என்றேன். “இல்லம்மா. அது எனக்குத் தெரிஞ்ச பார்வை” என்றாள்.

அவள் சந்தேகப்பட்டுப் பேச்சின் நடுவில் காபிக் கோப்பையை வாய்க்கு எதிரே பிடித்துக்கொண்டு, அங்கே மழை பெய்கிறதா என்று உங்களிடம் கேட்டாள். சாப்பிட்டாயிற்று என்று பதில் சொன்னீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன், படம் நிற்கவில்லை, நெட் ஒழுங்காகத்தான் இருந்தது. உதட்டை மறைத்துக்கொண்டு பேசிக் குழந்தைக்குக் கேட்கிறதா என்று பார்ப்பது அவளுக்கு நீங்கள் செய்தது. அதை அவள் உங்களுக்குச் செய்துவிட்டு வந்து என் மடியில் படுத்து அழுதாள்.

இப்போது உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். கண் எழுதினீர்கள், பல் எழுதினீர்கள், தோள்பட்டை எழுதினீர்கள், பிரஷரை ஒரு கடிதத்திலும் விடவில்லை. தலையின் இரண்டு பக்கமும் இருப்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

உங்களுக்குக் காது கேட்கவில்லை அண்ணி. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துச் சமாளித்துவிடுகிறீர்கள். ஆனால் காலைச் சோதனையில் நீங்கள் குழந்தைக்குப் பின்னால் நிற்கிறீர்கள். கடுகு ஸ் சொன்னாளா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

காது மெஷின் வைப்பதில் என்ன வெட்கம், கண்ணுக்குக் கண்ணாடி போடுவதில்லையா என்று எத்தனை தாய்மார்களிடம் சொல்லியிருப்பீர்கள். முதலில் என்னிடம்தான் சொன்னீர்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிவிடக்கூடாது. உங்களை நான் குறைத்து எழுதவில்லை. என் மகளைப் பேசவைத்தவர் நீங்கள். அதனால்தான் அந்தக் குழந்தைக்காகவும் எழுத வேண்டியிருக்கிறது.

கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 8

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் அண்ணிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எழுதி எனக்குப் பழக்கமில்லை, வண்டி ஓட்டின கை. நான் சௌக்கியம். நீயும் வாலுவும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று அவள் அதைப் படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்தாள். நான் படிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். “உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். ரெண்டு வருஷமாகத் தெரியும் என்றேன். அதன் பிறகு என்னிடமும் பேச்சு இல்லை.

தப்பு எனக்கும் உண்டு. காலிங் பெல் அடித்தால் யாரோ வந்திருக்காங்க என்று நான் சொல்வேன். மீட்டிங்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் சொன்னதை எனக்குப் புரியாத மாதிரி அவள் முகம் பார்த்துத் திருப்பிச் சொல்வேன். கிழவனுக்கு மூளை மழுங்கிவிட்டது என்று கமிட்டிக்காரர்கள் நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தபோது எனக்குத்தான் காது மந்தம் என்று சொன்னேன். அவளை யாரும் ஒன்றும் சொல்லிவிடக்கூடாது என்று செய்ததுதான். கடுகு விஷயம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அவள் காலை வகுப்புக்குப் போவதில்லை. புதுக் கட்டடத்து மாடி அறையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். கமிட்டியில் எல்லோருக்கும் சந்தோஷம், அம்மா ஓய்வெடுக்கச் சம்மதித்துவிட்டார்கள் என்கிறார்கள். வேனில் கூட்டி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். திரும்பிக்கொண்டால் நான் பேசுவது அவளுக்குத் தெரியாது. அதற்காகத்தான் திரும்பிக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன்.

நீ சொல்லியும் கேட்கவில்லை, நான் சொன்னாலும் கேட்க மாட்டாள். வாலுவை எழுதச் சொல்.

உன் அண்ணன்


ஜூலை 22

அன்புள்ள அத்தைக்கு,

வாலு எழுதுகிறேன். நான் நலம். நீங்கள் நலமாக இல்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆனால் உங்களுக்குத் தலை வலிக்கிறதா? புருவத்துக்கு மேலே, இரண்டு பக்கமும்? நாள் முழுக்க வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடித்தால் அங்கேதான் வலிக்கும். கூட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போய்விடுகிறீர்களா? நானும் அப்படித்தான் செய்வேன். மற்றவர்கள் இதை உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. எனக்கு இதில் உங்களைவிட அனுபவம் அதிகம்.

ஒரு விஷயம் சொல்கிறேன், திட்டக்கூடாது. சின்ன வயதில் என் மெஷின் தீப்பெட்டி அளவுக்கு இருக்கும், நீங்கள் தைத்த பையில் போட்டு நெஞ்சில் தொங்கவிடுவீர்கள். அதன் ஸ்விட்ச் என் கைக்கு எட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் எனக்குப் பாட்டுச் சொல்லித்தருவீர்கள் இல்லையா? பாதி நாள் அதை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன். உங்கள் வாயைப் பார்த்துத் தலையாட்டுவேன். உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. களைத்துப் போயிருப்பேன் அத்தை. உங்களுக்கெல்லாம் சத்தம் தானாக வந்து விழும். நான் ஒவ்வொரு வார்த்தையையும் போய்ப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். மத்தியானத்துக்குள் எனக்குத் தெம்பு தீர்ந்துவிடும்.

அப்போதே சொல்லியிருப்பேன். நான் தலையாட்டும்போது உங்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றாது.

காது டெஸ்டுக்குப் போங்கள். மெஷின் வாங்குங்கள். முதல் வாரம் பிடிக்காது. பிடிக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், அம்மாவுக்கு எழுதாதீர்கள். அவளுக்குப் புரியாது.

உங்கள் வாலு


ஆகஸ்ட் 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதினேன், மூன்றையும் கிழித்துவிட்டேன். நான் இப்போது பரவாயில்லை. வாலுவிடம் சொல், ஆமாம், புருவத்துக்கு மேலேதான் வலிக்கிறது.

டெஸ்டுக்குப் போனேன். வேறெங்கும் போகவில்லை, நம் புதுக் கட்டடத்துச் சத்தம் புகாத அறையில்தான். என்னைச் சோதித்தது அந்தப் புது டீச்சர். வெளியில் யாரையும் நிற்கவிடாமல் கதவைச் சாத்தினாள், அந்த இங்கிதம் அவளுக்கு இருந்தது. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். எத்தனை ஆயிரம் குழந்தைகளிடம் இதைச் சொல்லியிருப்பேன். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். இன்னும் அவள் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்ப்பது தெரிந்தது. என் கை மடியிலேயே கிடந்தது. அப்போது அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள், எதற்கு அழுதாளோ.

நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மெஷினைப் பற்றி வெட்கம் இல்லை. பயம்தான். இன்று மையத்தில் எல்லோரும் படித்தவர்கள், அவரவர் பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிறது. என்னிடம் இருந்தது இந்தக் காது ஒன்றுதான், நீயே எழுதியிருந்தாய். அதுவும் போய்விட்டது என்று தெரிந்தால் மாலை போட்டு மாடிக்கு அனுப்பிவிடுவார்கள், குழந்தைகள் கீழேயே இருந்துவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் கடுகைக் கவனிக்காமல் விட்டேன். அவள் அம்மாவை வீட்டில் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மெஷின் வந்து நாலு நாள் ஆகிறது. உன் அண்ணன் செய்தித்தாளைப் புரட்டினால் தகரக் கூரையில் மழை பெய்கிறது. அவர் இவ்வளவு பேசுகிறார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

உன் அண்ணி


செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வாலுவிடம் படிக்கக் கொடுத்துவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். எனக்கு நிம்மதி, அவளுக்கு அழுகை. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மற்றபடி உடம்புக்கு நாங்கள் நலம். உங்கள் தோள்பட்டையை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், இப்போது தாராளமாக எழுதலாம்.

மலருக்கு இன்னொன்று. உங்களைப் பற்றி நான் எழுதியதில், அவரிடம் இருந்தது அந்தக் காது என்பதை அடித்துவிடுங்கள். எனக்கு அன்று அப்படித் தோன்றியது. தவலையை இரண்டாவது முறை கீழே போடக் காது தேவைப்படவில்லை அண்ணி. எனக்கும் காது இருந்தது, நான் போடவில்லை.

காலை வகுப்பு என்ன ஆயிற்று? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

உங்கள் நாத்தனார்


நவம்பர் 25

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம்தானே? விழாவுக்கு நீ வர முடியாமல் போனதற்கு உன் முழங்காலை மன்னிக்கவே மாட்டேன். எனக்குத் தோள்பட்டை வலி திரும்ப வந்திருக்கிறது. விழா நன்றாக நடந்தது, பேச்சுத்தான் நீளம். பிடிக்காத பேச்சாளர்களுக்கு மெஷினைக் குறைத்துவைத்தேன். வாலுவிடம் மட்டும் சொல், அவள் ரசிப்பாள். மலரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இனி நீ போன் செய்யலாம். வீடியோவில் செய், முகம் தெரியட்டும்.

காலை வகுப்பைக் கேட்டாய். மெஷின் வைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். மற்றவை வந்தன. ஸ் மட்டும் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. புது டீச்சர் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்ச நாள் பழகினால் வரும் மேடம் என்றாள். வரலாம். அதுவரைக்கும் ஒரு குழந்தையை என் சந்தேகத்தில் நிறுத்திவைக்க முடியாது. இனி நீயே செய் என்று அவளிடம் விட்டுவிட்டேன். முப்பது வருஷம் செய்த வேலை. மறுநாள் காலையில் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் கதவுக்கு வெளியே நின்றேன். வலிக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய்.

ஆனால் மத்தியானம் என்னிடம் இருக்கிறது. மெஷினோடு பன்னிரண்டு மணி ஆவதற்குள் எனக்குத் தெம்பு தீர்ந்துவிடுகிறது. நாற்காலி இழுக்கிற சத்தம், தட்டு, குழாய், காற்று, எல்லாம் ஒரே எடையில் வந்து விழுகின்றன. வாலு எழுதியதை அப்போதுதான் முழுக்கப் புரிந்துகொண்டேன். நம் மையத்தில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மெஷினைக் கழற்றக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். கழற்றிய குழந்தைகளை நான் திட்டியது இந்தச் சுவர்களுக்குத் தெரியாது, டயர் கடை மாடிச் சுவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் விரும்புகிற குழந்தைகள் கழற்றிவைக்கலாமா என்று கமிட்டியில் கேட்டேன். புது டீச்சர்தான் முதலில் எதிர்த்தாள். கேட்கும் நேரம் குறைந்தால் பேச்சு குறையும் என்றாள், அவள் சொன்னது நியாயம். நாலு வயதில் களைத்துப்போவது எப்படி இருக்கும் என்று நான் சொன்னேன், அதுவும் நியாயம். அரை மணிக்கு மேல் ஒரு நிமிஷமும் இல்லை என்று ஒத்துக்கொண்டாள்.

இப்போது தினமும் சாப்பாடு முடிந்ததும் கீழ் வகுப்பில் பாயை விரித்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு டப்பாவில் மெஷினைக் கழற்றிவைத்துவிட்டுச் சிலர் தூங்குகிறார்கள், சிலர் படம் வரைகிறார்கள். நானும் கழற்றிவைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துகொள்கிறேன். நேற்றுப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் என்னைப் பார்த்து மிரண்டு வாசல் பக்கம் நகர்ந்தான். பெரிய டீச்சர் திட்டுவார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கடுகு எழுந்து போய் அவன் தாடையைப் பிடித்துத் தன் முகத்தின் பக்கம் திருப்பினாள். என்னைக் கையால் காட்டினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவனுக்கும் கேட்டிருக்காது, அவள் உதடு எங்கள் இருவருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

“பயப்படாத. இவங்களும் நம்ம க்ளாஸ்தான்” என்றாள்.

அவன் வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

உன் அண்ணி